மலாக்காவுல ஒரு நம்மாளு!

ஹாஸ்டல்ல லீவு நாள் யூனிஃபார்ம் எது? கட்டம் போட்ட லுங்கிதானே! மலேசியாவுலயும் அதே கட்டம் போட்ட துணியைக் கட்டுறாங்க, தொழுகைக்கும் அதோடதான் போறாங்க. அதுக்கு அங்கே ‘காயின் பெலிகட்’னு பேரு. காயின்னா காசு இல்லை பாஸ், துணி. பெலிகட்? சாட்சாத் நம்ம பழவேற்காடு! ஐரோப்பியர் வாயில ‘புலிகாட்’ ஆன ஊர், மலாய்க்காரங்க வாயில ‘பெலிகட்’ ஆயிடுச்சு.

சென்னைக்கு வடக்கே, பொன்னேரி வழியா போனா ரெண்டு மணி நேரத்துல பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம்னு வரிசையா மீனவர் குப்பங்கள். நம்ம பசங்க என்ன பண்ணுவாங்க? பூநாரை பார்த்து, நண்டு வறுவல் சாப்பிட்டு, டச்சுக்காரங்க கல்லறை முன்னாடி ஒரு போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுவாங்க. 1613-ல் அவங்க கட்டிய கெல்ட்ரியா கோட்டை பத்தி கைடுங்க சொல்லுவாங்க. அதெல்லாம் அங்கே வந்தவங்க கதை. அந்தக் கரையில இருந்து போனவங்க கதை?

டச்சுக்காரங்க வர்றதுக்கு நூறு வருஷம் முன்னாடியே இது விஜயநகரப் பேரரசின் முக்கியமான துறைமுகம். சாயவேரில் சிவப்பேறிய பருத்தித் துணி மூட்டை மூட்டையா மலாக்காவுக்குக் கப்பலேறும். கிராம்பு, ஜாதிக்காய், சந்தனம், சீனப் பட்டுன்னு திரும்பி வரும். ஒரு பருவக்காற்றில் போய், அடுத்த காற்றுக்காக மாசக்கணக்குல காத்திருக்கணும். நம்ம பக்கத்து வியாபாரிகளுக்கு அங்கே ‘கெலிங்’னு பேரு. அன்னிக்கு அது வசவு இல்லை. இன்னிக்கு மலேசியத் தமிழரை அப்படிச் சொன்னா கோபம் வரும், நியாயமான கோபம்.

அந்தக் கெலிங் வியாபாரிகளில் ஒரு பெரிய புள்ளிதான் நம்ம ஹீரோ. போர்த்துகீசியர் ‘நினா சட்டு’ன்னு எழுதி வெச்சாங்க. சேது நயினார்ங்கிற தமிழ்ப் பேருதான் அப்படி ஆச்சுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க.

1509-ல் முதல் தடவையா மலாக்காவுக்குப் போர்த்துகீசியக் கப்பல்கள் வந்தன. சுல்தான் தரப்போட மோதல். சுமார் இருபது பேர் சிறைப்பட்டாங்க, ரூய் தெ அராவ்ஜோ உட்பட. மொழி தெரியாத ஊர், யாரும் எட்டிப் பார்க்கலை. நினா சட்டுதான் சாப்பாடு கொடுத்து, அவங்க கடிதம் வெளியே போகவும் உதவினார். மனிதாபிமானமா, பிசினஸ் கணக்கா? ரெண்டும் கலந்திருக்கலாம்.

1511 ஆகஸ்டில் அல்புகர்க் படையோட வந்து மலாக்காவைப் பிடிச்சார். உதவி செஞ்ச நினா சட்டுவுக்கு, முஸ்லிம் அல்லாத மக்களை நிர்வகிக்கும் ‘பெண்டஹாரா’ பதவி கிடைச்சது. அடுத்த வருஷமே போர்த்துகீசியரோட பங்கு போட்டு பெகுவுக்குக் கப்பல் விட்டார். அப்புறம் நம்ம பழவேற்காட்டுக்கும். கடலோ, சரக்கோ, ஆளோ தெரியாத ஐரோப்பியருக்குக் கிழக்கு ஆசிய வியாபாரத்தைச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் அவர்னு சொல்லலாம்.

இங்கேதான் கதை கசக்குது. ஊரை இழந்த சுல்தானோட ஆட்கள் கண்ணுக்கு அவர் யாரு? அந்நியனுக்குக் கதவு திறந்துவிட்டவர். சரி, யாருக்காக அவ்வளவும் செஞ்சாரோ, அவங்களாவது நிலைச்சு நின்னாங்களா? அதுவும் இல்லை. மலாய் மக்களைத் தங்கள் பக்கம் இழுக்கணும்னு 1514-ல் அந்தப் பதவியைப் பறிச்சு கம்பார் சுல்தானுக்குக் கொடுத்தாங்க. அவமானம் தாங்காத நினா சட்டு, வாசனைக் கட்டைகளால் சிதை அடுக்கி, நல்லா உடுத்திக்கிட்டு, தான் செஞ்ச உதவிகளை ஊர் முன்னாடி எடுத்துச் சொல்லிட்டு நெருப்பில் இறங்கினார்னு போர்த்துகீசிய வரலாற்று நூல்களே சொல்லுது. பதவிக்கு வந்த கம்பார் சுல்தான் கதி? அடுத்த வருஷமே துரோகின்னு சந்தேகப்பட்டு, அதே போர்த்துகீசியர் அவர் தலையை வெட்டினாங்க!

அப்போ நட்புங்கிறதே டுபாக்கூரா? இல்லை. மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் ‘கம்போங் சிட்டி’ன்னு ஒரு குட்டி கிராமம் இருக்கு. காற்றுக்காகக் காத்திருந்த நாள்ல அந்த ஊர்ப் பொண்ணுங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்ட நம்ம வியாபாரிகளோட வாரிசுகள்தான் மலாக்கா செட்டிகள். பேசுறது மலாய், பெண்கள் கட்டுறது சாரோங் கெபாயா, கும்பிடுறது பிள்ளையாரை. 1781-ல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் இன்னும் இருக்கு. பொங்கலும் உண்டு, அதுக்கு முன்னாடி வாழை இலையில முன்னோருக்குப் படையலும் உண்டு. நினா சட்டு கட்டிய கூட்டணி மூணு வருஷத்துல முறிஞ்சது. பேர் தெரியாத வியாபாரிங்க சமையல்கட்டு வழியா கட்டிய உறவு, போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் மூட்டை கட்டிப் போன பிறகும் நிக்குது.

இன்னொரு விஷயம். சுல்தான் காலத்து மலாக்காவில் கப்பல் வந்தா சரக்குக்கு விலை மதிக்க பத்து வியாபாரிகள் உட்காருவாங்களாம். அஞ்சு பேர் கெலிங், அஞ்சு பேர் மத்த நாட்டுக்காரங்க. இதை எழுதி வெச்சவர் தோமே பிரஸ்ங்கிற போர்த்துகீசியர். சமமா உட்கார்ற அந்த மேஜை இருந்தவரைக்கும் வெளியூர்க்காரனுக்குப் பயமில்லை. ஒரே தரப்பு கையில பீரங்கியும் பதவியும் சேர்ந்தப்போதான் நம்மாளு சிதை அடுக்க வேண்டியதாச்சு.

உங்கள்ல நிறைய பேர் நாளைக்கு சிங்கப்பூர், கோலாலம்பூர்னு வேலைக்குப் பறக்கப் போறீங்க. பாஸோட கைகுலுக்குங்க, தப்பில்லை. ஆனா கேன்டீன்ல பக்கத்துல உட்கார்றவன் பேரையும், அவன் வீட்டுப் பண்டிகையையும் தெரிஞ்சுக்கோங்க. விசா முடிஞ்ச பிறகும் உங்களை ஞாபகம் வெச்சிருக்கப் போறது அவன்தான்.

அடுத்த தடவை பழவேற்காடு போனா, கல்லறையோட நிறுத்தாம குப்பத்துப் பக்கமும் போங்க. கரையில வலையை உதறிட்டிருக்கிற அண்ணன்கிட்டே உட்கார்ந்து பேசுங்க. அவர் இடுப்புல இருக்கிற கட்டம் போட்ட லுங்கிக்கு, கடலுக்கு அந்தப் பக்கம் அவரோட ஊர்ப் பேருதான்னு சொல்லிப் பாருங்க. அந்தச் சிரிப்பை போட்டோ எடுங்க!

அடுத்த வாரம் வேற ஒரு ஊர், வேற ஒரு ஆளு. வரட்டா?