ஃபார்மேட்டுக்குத் தலையாட்டும் முன்...

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ் வீட்டு அக்கா படியேறி வந்தார். முதல் நாள் ராத்திரி முழுக்க மழை. விடிய விடிய கரண்ட் இல்லை.

"தம்பி, கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குது. கடைக்கு போன் பண்ணேன். விண்டோஸ் போயிருக்கும், எடுத்துட்டு வாங்க, ஃபார்மேட் பண்ணித் தர்றேன்னாரு. பண்ணிடலாமா?"

"அதுக்குள்ள என்னக்கா வெச்சிருக்கீங்க?"

அக்கா வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறவர். பல வருடக் கேள்வித்தாள்கள், பிள்ளைகளின் மார்க் பட்டியல் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில், "அம்மா சொன்ன கதைங்களும் அதுலதான் இருக்கு" என்றபோது குரல் இறங்கிவிட்டது.

அவருடைய அம்மா போன வருடம் தவறிப்போனார். அதற்கு முன் பேத்திக்கு ராத்திரியில் சொன்ன கதைகளை அக்கா போனில் பதிவு செய்து வைத்திருந்தார். போனில் இடம் நிறைந்துவிட்டதால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்துவிட்டார். ஆக, அந்தக் குரல் இப்போது இருப்பது அந்த ஒரே பெட்டிக்குள்தான்.

"ஃபார்மேட் வேணாம்க்கா. வாங்க, முதல்ல எங்கே நிக்குதுன்னு பார்ப்போம்" என்று கூடவே இறங்கினேன்.

இந்த வாரம் உங்களுக்கும் அதைத்தான் சொல்லப் போகிறேன். கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால், உள்ளே இருப்பதெல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஸ்விட்சை அழுத்தியதிலிருந்து விண்டோஸ் திரை வரும்வரை நான்கு படிகள் இருக்கின்றன. எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் படி: உயிரே இல்லை

ஸ்விட்சை அழுத்தினால் விளக்கும் இல்லை, ஃபேன் சத்தமும் இல்லை. இது பெரும்பாலும் கரண்ட் விஷயம். சுவரிலிருந்து ஆரம்பியுங்கள். அதே பிளக்கில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஸ்விட்சைப் பாருங்கள். யு.பி.எஸ். இருந்தால் அதை விட்டுவிட்டு, சுவர் பிளக்கில் நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள். பேட்டரி செத்த யு.பி.எஸ். பல வீடுகளில் கம்ப்யூட்டருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறது.

அடுத்து, சி.பி.யூ. பெட்டியின் பின்பக்கம் கரண்ட் ஒயர் செருகும் இடத்துக்கு அருகே சின்ன ஸ்விட்ச் ஒன்று இருக்கும். வீடு பெருக்கும்போது கைபட்டு அணைந்திருக்கலாம். பழைய பெட்டிகளில் 230, 115 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்சும் இருக்கும். அது 230-லேயே இருக்க வேண்டும். பிள்ளைகள் அதைத் தொடக் கூடாது.

எல்லாம் சரி என்றால், ஒயரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மிச்ச மின்சாரம் வடியும். மறுபடி செருகி ஆன் செய்யுங்கள். பல நேரம் இதிலேயே எழுந்துவிடும்.

அப்போதும் அசையவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். போயிருக்கலாம். அதை மாற்றலாம், ஆனால் நீங்கள் திறக்காதீர்கள். ஒயரைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். கருகிய வாடை வந்தாலும் அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் படி: ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

முதலில் மானிட்டரைச் சந்தேகப்படுங்கள். அதன் விளக்கு எரிகிறதா? 'நோ சிக்னல்' என்று வருகிறதா? கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மறுபடி செருகுங்கள். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால், கேபிள் அந்தக் கார்டில்தான் இருக்க வேண்டும்.

அதன்பின் காதைக் கொடுங்கள். விட்டு விட்டு 'பீப்' சத்தம் வந்தால் பெரும்பாலும் ராம் சரியாக உட்காரவில்லை. சில புது மதர்போர்டுகள் சத்தம் போடாது. எந்தப் பாகத்தில் கோளாறோ, அதன் பெயருக்கு அருகே சின்ன விளக்கு எரியும்.

ராமைக் கழற்றி மாட்டுவது கஷ்டமான வேலையில்லை. கரண்ட் ஒயரை முழுதாகக் கழற்றுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியை ஒரு முறை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போய்விடும். ராமின் முனையில் இருக்கும் கிளிப்பைத் தள்ளினால் அது மேலே வரும். தங்க நிறத்தில் தெரியும் விளிம்பை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள் பெட்டிக்குள் விழாமல் துடையுங்கள். பிறகு 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எது கெட்டது என்று தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: கம்பெனி பெயர் வருகிறது, அதற்கு மேல் போகவில்லை

அக்கா வீட்டுப் பெட்டி நின்றது இங்கேதான். லோகோ வந்தது. பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்.' அதாவது, 'எதிலிருந்து கிளம்புவது என்று எனக்குத் தெரியவில்லை' என்கிறது கம்ப்யூட்டர். விண்டோஸ் அழிந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

இந்தச் செய்தி வந்தால் முதலில் பென் டிரைவ், வெளியே மாட்டிய ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். கம்ப்யூட்டர் அவற்றில் விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கலாம். அடுத்து, ஆன் செய்த கையோடு டெலீட் பட்டனையோ எஃப்2 பட்டனையோ தட்டிக்கொண்டே இருங்கள். பயாஸ் திரை வரும். உங்கள் ஹார்டு டிஸ்க்கின் பெயர் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், உள்ளே அதன் கேபிள் தளர்ந்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று தட்டும் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்த்தால், மீட்க முடிந்ததும் மீட்க முடியாமல் போகும். டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் அப்படியே கொடுங்கள்.

அக்காவின் பெட்டியில் டிக் சத்தம் இல்லை. பயாஸில் டிஸ்க்கின் பெயரும் இருந்தது. ஆனால் தேதி 2015-ஆம் வருடத்தைக் காட்டியது.

"அக்கா, தேதி தப்பா இருக்கே?"

"அது ரெண்டு வாரமாவே அப்படித்தான் தம்பி. காலைல ஆன் பண்ணா மணி தப்பாக் காட்டும். சில வெப்சைட் பாதுகாப்பில்லைன்னு சொல்லித் திறக்காது. மணியைச் சரி பண்ணா திறந்துடும்."

"இன்னிக்குக் காலைல முதல்ல என்ன வந்துச்சு?"

பதிலைச் சொன்னது அக்காவின் மகள். "இங்கிலீஷ்ல ஏதோ வந்துச்சு மாமா. எஃப்1 இல்லன்னா எஃப்2 அழுத்தச் சொன்னுச்சு. நான் எஃப்2 அழுத்தினேன்."

முடிச்சு அவிழ்ந்தது. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். பெயர் சி.ஆர்.2032, மூன்று வோல்ட். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓடவைப்பதும், பழைய மதர்போர்டுகளில் பயாஸ் அமைப்புகளை நினைவில் வைப்பதும் அதன் வேலை. சில வருடங்களில் அது தீர்ந்துவிடும். அக்கா தினமும் ராத்திரி மெயின் ஸ்விட்சை அணைப்பவர். அதனால் கடிகாரம் பின்தங்கி, பேட்டரி தன் நிலைமையை இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி அது முழுதாகத் தீர்ந்துவிட்டது. அந்த எஃப்2-வுக்கு, 'பழைய அமைப்பைக் கைவிட்டு, ஃபேக்டரி அமைப்பைப் போடு' என்று அர்த்தம். குழந்தை மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் ஏதோ ஒன்றை அழுத்தியிருப்பேன்.

அக்காவின் விண்டோஸ் 'லெகசி' என்ற பழைய முறையில் போடப்பட்டது. ஃபேக்டரி அமைப்போ புது முறையில் மட்டும் தேடச் சொல்கிறது. வீடு இருக்கிறது, ஆளும் உள்ளே இருக்கிறார், அட்ரஸ்தான் மாறிப்போயிற்று.

முதலில் கரண்ட் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பக்கத்துக் கிளிப்பை லேசாகத் தள்ளிப் பழையதை எடுத்தோம். முக்குக் கடையில் ஐம்பது ரூபாய்க்குள் வாங்கி வந்த புதுப் பேட்டரியைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி போட்டோம். பயாஸில் தேதியைச் சரி செய்தேன். பூட் முறையை லெகசிக்கு மாற்றி, எஃப்10 அழுத்திச் சேமித்தேன். விண்டோஸ் வந்தது.

அக்கா வேறு எதையும் பார்க்கவில்லை. நேராக அந்த ஃபோல்டரைத் திறந்தார். "ஒரு ஊர்ல ஒரு நரி..." என்று பாட்டி ஆரம்பித்ததும் மகள் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நான்காம் படி: விண்டோஸ் சுற்றிக்கொண்டே இருக்கிறது

இதில் பதறி பட்டனை அழுத்த வேண்டாம். அப்டேட் ஓடுகிறது என்று திரையில் இருந்தால் காத்திருங்கள். நீண்ட நேரம் அசையவே இல்லை என்றால்தான் அணைக்க வேண்டும். இரண்டு மூன்று முறை தொடர்ந்து பாதியில் நின்றால், விண்டோஸ் தானே ரிப்பேர் திரையைக் காட்டும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசி அப்டேட்டை நீக்குவது, சேஃப் மோட் ஆகியவற்றை முதலில் முயலுங்கள். 'ரீசெட்' கடைசி வழி. அதில் உங்கள் ஃபைல்களை வைத்துக்கொள்ளும் வசதி இருந்தாலும், நீங்கள் போட்ட புரோகிராம்கள் போய்விடும்.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் தப்பான அப்டேட் ஒன்றால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அவற்றில் ஏராளமானவற்றுக்கு வைத்தியம் ஃபார்மேட் இல்லை. சேஃப் மோடில் போய் ஒரே ஒரு ஃபைலை அழித்தது போதுமாக இருந்தது.

கடைக்குக் கொடுக்கும் முன்

கடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். வரிசையில் பத்துப் பெட்டி காத்திருக்கும்போது ஃபார்மேட் என்பது சீக்கிரம் முடிகிற வேலை. உள்ளே யாருடைய குரல் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும். "முதல்ல ஃபைலை எல்லாம் வெளியே எடுத்துக் காட்டுங்க, அப்புறம் ஃபார்மேட்" என்று சொல்லிவிடுங்கள். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலே, டிஸ்க் நன்றாக இருக்கும் பட்சத்தில், ஃபைல்களை நகல் எடுக்கலாம். புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் மட்டும் பிட்லாக்கர் பூட்டு இருக்கலாம். அதற்கு 48 இலக்கச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் சேமிக்கப்பட்டிருக்கும். இன்றே எடுத்து எழுதி வையுங்கள்.

"சி டிரைவை மட்டும்தான் அழிப்போம், டி-யில் இருப்பது அப்படியே இருக்கும்" என்பார்கள். சரிதான். ஆனால் நம்மில் பலர் எல்லாவற்றையும் வைப்பது டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும்தான். நீங்களாக மாற்றாதவரை, அந்த இரண்டும் இருப்பது சி டிரைவில்.

இன்னொன்று. போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, போனில் அழிப்பது பேக்கப் இல்லை. அது வெறும் இடமாற்றம். நகல் இரண்டு இடத்தில் இருந்தால்தான் பேக்கப். ஒன்று கம்ப்யூட்டரில், இன்னொன்று பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ. முடிந்தால் மூன்றாவதாக, வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டிலோ கிளவுடிலோ.

அன்று மாலையே அக்கா இரண்டு பென் டிரைவ் வாங்கி வந்தார். ஒன்று அவருடைய பீரோவில் இருக்கிறது. இன்னொன்றை மதுரையில் இருக்கும் தம்பிக்குக் கூரியரில் அனுப்பிவிட்டார். அவரும் கேட்டதே இல்லையாம், அந்த நரிக் கதையை.

அடுத்த வாரம்: போன் தண்ணீரில் விழுந்தால் அரிசியில் போடலாமா?