திறக்கவும் சாத்தவும்

வேதாரண்யம் என்று இன்று வழங்கும் திருமறைக்காட்டில், திருக்கோயிலின் நேர்வாயில் கதவு நெடுங்காலம் அடைபட்டே கிடந்தது. வேதங்களே வந்து பூசித்துத் திருக்காப்பிட்டுச் சென்ற கதவு அது. திறக்க ஒருவராலும் இயலாமையால், ஊரார் வேறொரு பக்கமாக வாயில் அமைத்து உள்ளே சென்று வழிபட்டு வந்தனர். அவ்வூருக்கு எழுந்தருளிய அப்பரும் சம்பந்தரும் நேர்வாயில் வழியாகவே இறைவனைத் தொழ விரும்பினர். சம்பந்தர் கேட்டுக்கொள்ள, அப்பர் பதிகம் பாடினார். கதவு உடனே திறக்கவில்லை. அவரைக் காக்கவைத்து, அவர் மனம் நொந்து பாடிய பின்னரே திறந்தது. தரிசனம் முடிந்து வெளியே வந்ததும், சாத்துவதற்குச் சம்பந்தர் பாடினார். முதற்பாட்டிலேயே கதவு சாத்திக்கொண்டது.

பெரியபுராணம் கூறும் இவ்வரலாற்றில் பலரும் நினைவில் வைத்திருப்பது, அப்பருக்குத் தாமதித்த கதவு சம்பந்தருக்கு உடனே இசைந்தது என்பதைத்தான். அடியார் இருவரும் கதவைத் திறந்ததோடு நின்றுவிடவில்லை என்பதும் அதே அளவு கருதத்தக்கது. திறந்தது திறந்தபடியே கிடந்தால் அதுவும் வாயில் ஆகாது. நாள்தோறும் உரிய நேரத்தில் திறக்கவும் சாத்தவும் ஆனபின்புதான் அது மக்களுக்குப் பயன்பட்டது.

கோயில் ஒழுங்கு முழுவதும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. உச்சிக்காலம் முடிந்தால் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்தப்படுகிறது. அர்த்தஜாமத்தில் சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருள்கிறார். எத்தனை பெரிய மனிதர் வந்து வாயிலில் நின்றாலும் மறுநாள் காலை வரை காத்திருக்கத்தான் வேண்டும். பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் சன்னதி வாரத்தில் திங்கள், வெள்ளி ஆகிய இரு நாட்களில்தான் திறந்திருக்கும். சிறப்பு நாட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. முன்பு அங்கு வீற்றிருந்த செல்லியம்மன் தன் இடத்தை மதுரகாளிக்கு விட்டுக்கொடுத்துப் பெரியசாமி மலைக்குச் சென்றாள் என்பது தலவரலாறு. இன்றும் தீபாராதனை முதலில் அந்த மலைத் திசையை நோக்கிக் காட்டப்பட்ட பிறகே அம்மனுக்குக் காட்டப்படுகிறது. வாரத்தில் ஐந்து நாள் நடை சாத்தியிருப்பதால் அம்மனின் மகிமை குறைந்ததாக அப்பகுதியில் ஒருவரும் சொல்வதில்லை. திங்கட்கிழமை என்றால் கூட்டம் அலைமோதுகிறது.

கைப்பேசி சாத்தத் தெரியாத கதவாக வீட்டுக்குள் வந்திருக்கிறது. அதைத் திறப்பதற்குப் பதிகம் வேண்டியதில்லை; விரல் பட்டாலே திறந்துகொள்கிறது. சாத்துவதற்குத்தான் பாட்டும் பயனில்லை, பாட்டியின் அதட்டலும் பயனில்லை.

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்தில் உள்ள ஆலத்தியூரைப் பெரும்பாலோர் சிமென்ட் ஆலையின் பெயரோடு சேர்த்தே அறிவர். ஆலையில் வேலை முறைவைத்து இரவும் பகலும் நடக்கிறது. அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் மானாவாரி நிலம். மழையை நம்பிய வாழ்க்கை. இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் பிழைப்புக்காகச் சென்னைக்கும் திருப்பூருக்கும் சென்றனர். இன்னும் பலர் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கின்றனர். வீட்டில் எஞ்சியிருப்பவர்கள் முதியோரும் பள்ளி செல்லும் பேரப்பிள்ளைகளும். இத்தகைய வீட்டில் கைப்பேசியைத் தீயது என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. கடல் கடந்த மகனின் முகத்தைத் தாய் காண்பது அதில்தான். முழங்கால் வலியால் படியேற இயலாதவர் திருவண்ணாமலை மகாதீபத்தைத் தரிசிப்பதும் அதில்தான். ஏகாதசி என்றைக்கு, பிரதோஷம் என்றைக்கு என்று பார்ப்பதற்குக்கூட நாள்காட்டித் தாளைப் புரட்டுவோர் குறைந்துவிட்டனர். ஆகவே ‘தூக்கி எறியுங்கள்’ என்று உபதேசிப்பவர்கள், தனித்து வாழும் முதியவரின் இரவுகளை அறியாதவர்கள்.

ஆயினும் கோயிலுக்குள்ளேயே அது படுத்திய பாட்டைப் பக்தர்கள் கண்டிருக்கிறார்கள். கருவறையில் அபிஷேகம் நடக்கையில் கூப்பவேண்டிய கைகள் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தன. மூலவரைப் படமெடுப்பது, பிற பெண்களை அவர்கள் அறியாமலே படத்தில் பிடிப்பது, பிராகாரத்தில் சினிமாப் பாட்டுக்கு ஆடிப் பதிவுசெய்வது என்று நிலைமை முற்றியது. திருச்செந்தூர்க் கோயிலின் அர்ச்சகர் ஒருவரே இதற்காக உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினார். கோயில்களின் தூய்மையையும் புனிதத்தையும் காக்கும்பொருட்டு, தமிழகம் முழுவதும் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடைசெய்யுமாறு 2022 டிசம்பரில் நீதிமன்றம் அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018 தீவிபத்துக்குப் பிறகு ஏற்கெனவே தடை வந்திருந்தது. பழநி மலைக்கோயிலில் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையாயிற்று. அடிவாரத்தில் 5 ரூபாய் கட்டணத்தில் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு மலையேற வேண்டும்.

தொடக்கத்தில் முணுமுணுத்தவர்கள் உண்டு. கூட்டத்தில் பிரிந்துபோனால் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது நியாயமான கேள்விதான். ‘கொடிமரத்தடியில் நில்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போகும் பழைய வழக்கம் அதற்கு விடையாக மீண்டும் வந்திருக்கிறது. ஒன்று மட்டும் உறுதி. வெறுங்கையோடு சன்னதி முன் நிற்கும்போது, கை தானாகவே குவிகிறது.

கோயிலுக்கு நீதிமன்றம் ஒழுங்கு செய்துவிட்டது. வீட்டுக்கு யார் செய்வது? இங்கே முதியோர் தங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பேரன் விளையாட்டில் மூழ்கிக் கிடக்கிறான் என்று குறைசொல்லும் தாத்தா, விடியற்காலை எழுந்ததும் முப்பது பேருக்குச் சுவாமி படத்தோடு ‘இனிய காலை வணக்கம்’ அனுப்பிவிட்டுத்தான் பல் துலக்குகிறார். ‘இதைப் பதினோரு பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும், அனுப்பாவிட்டால் கெடுதல் நேரும்’ என்று வருவதை, அனுப்பாமல் இருக்கவும் அஞ்சி, அனுப்பவும் கூசி, கடைசியில் அனுப்பிவிடுகிறவர்கள் ஏராளம். தன் பெயரைப் பதினோரு பேருக்கு அனுப்பாத பக்தனைத் தண்டிக்கும் தெய்வம் எந்தப் புராணத்திலும் இல்லை.

இது வேடிக்கையோடு முடிகிற விஷயமன்று. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில் நடந்ததை மறக்கலாகாது. குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. 65 வயது மூதாட்டி ஒருவரும் அதில் இருந்தார். வழிகேட்க நிறுத்திய இடத்தில், அங்கிருந்த குழந்தைகளுக்கு அவர்கள் மிட்டாய் கொடுத்தனர். வெளியூர்க்காரர்கள் வந்து பிள்ளைகளைக் கடத்துகிறார்கள் என்ற வதந்தி அந்நாட்களில் வாட்ஸ்அப் வழியே அம்மாவட்டமெங்கும் பரவியிருந்தது. மிட்டாய் கொடுத்ததைப் பார்த்தவர்கள் கடத்தல்காரர் என்று கருதினர். கூட்டம் திரண்டு அடித்ததில் அந்த மூதாட்டி உயிரிழந்தார், உடன்வந்தோர் படுகாயமடைந்தனர். பின்னர்ப் பலர் கைது செய்யப்பட்டனர்.

குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது ஒரு பாட்டியின் இயல்பு. கோயிலுக்கு வழிகேட்பதும் குற்றமன்று. அந்த வதந்தியை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணம் கொண்டவர்களாக இருந்திருக்கமாட்டார்கள். ‘நாலு பேருக்குத் தெரியட்டும், குழந்தைகள் பத்திரமாக இருக்கட்டும்’ என்றே அனுப்பியிருப்பார்கள். அதுதான் அச்சத்தைத் தருவது. அதே ஆண்டு வடமாநிலங்களிலும் இவ்விதக் கொலைகள் தொடர்ந்ததால், ஜூலை மாதம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பு வைத்தது. இயந்திரம் வைத்த வரம்பு ஐந்து. உண்மை தெரியாத செய்திக்கு மனிதர் வைத்துக்கொள்ள வேண்டிய வரம்பு பூஜ்யம்.

பணத்தைக் குறித்தும் ஒரு சொல். ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று சட்டத்தில் கிடையவே கிடையாது. காவல்துறையோ சிபிஐயோ நீதிமன்றமோ வீடியோ அழைப்பில் யாரையும் கைதுசெய்வதில்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமர் தமது வானொலி உரையிலேயே இதைச் சொல்லி எச்சரித்தார். ஓய்வூதியம் வாங்குவோரையே இம்மோசடிக்காரர்கள் அதிகம் தேடுகின்றனர். வங்கி ஒருபோதும் ஓடிபி எண்ணைக் கேட்காது. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறிக்கொண்டே போகும். மகனுக்குத் தெரிந்தால் கோபிப்பான் என்று இரண்டு நாள் மூடிவைப்பதே பல குடும்பங்களில் சேமிப்பை மீட்கமுடியாமல் செய்கிறது.

இனி, சாத்தும் விஷயம். மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்ற சிற்றூர் இருக்கிறது. சுமார் 3,000 பேர் வாழ்கின்றனர். கொரோனாக் காலத்தில் பாடம் கைப்பேசிக்கு மாறியதும், பள்ளி திறந்த பின்பும் பிள்ளைகள் அதை விடவில்லை. ஊராட்சித் தலைவர் முதலில் பெண்களைக் கூட்டிப் பேசினார். தொடர் பார்ப்பதில் தாங்களும் அளவு மீறிவிட்டோம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டதே திருப்பமாயிற்று. 2022 ஆகஸ்டு 15 முதல், மாலை 7 மணிக்கு ஊர்க் கோயிலின் மேல் பொருத்திய சங்கு ஒலிக்கிறது. அவ்வொலி கேட்டதும் வீடுகளில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைகின்றன. பிள்ளைகள் படிக்கின்றனர், பெரியோர் பேசிக்கொண்டிருக்கின்றனர். 8.30 மணிக்கு மறுபடியும் ஒலி. அதன்பின் அவரவர் விருப்பம். தொடக்கத்தில் சிரித்தவர்கள் இருந்தனர். ஆசிரியர்களும் ஆஷா பணியாளர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் வீடு வீடாகச் சென்று எடுத்துச் சொன்ன பிறகே அது நிலைத்தது.

இதில் கவனிக்கவேண்டியவை சில. அவர்கள் கைப்பேசியைப் பறிக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் மட்டும் கேட்டார்கள். பிள்ளைகளுக்கென்று ஒரு விதி, பெரியவர்களுக்கென்று ஒரு விதி என்றும் வைக்கவில்லை. தாத்தா யூடியூபில் சொற்பொழிவு கேட்டபடியே பேரனை ‘படி’ என்றால் அவன் படிக்கமாட்டான். சொற்பொழிவு எவ்வளவு உயர்ந்ததாயினும் அவன் கண்ணுக்குத் தெரிவது கைப்பேசிதான். ஊர் முழுவதும் சேர்ந்து சாத்தியதால், ‘அவன் வீட்டில் மட்டும்’ என்ற பேச்சுக்கும் இடமில்லாமல் போயிற்று.

தமிழ்நாட்டு ஊர்களுக்குப் புதிதாகச் சங்கு வாங்கவேண்டிய அவசியமில்லை. ஆலத்தியூர் போன்ற ஊர்களிலும் பிள்ளையார் கோயிலிலோ மாரியம்மன் கோயிலிலோ சாயங்கால பூசையின் மணி ஒலிக்கத்தான் செய்கிறது; தொலைக்காட்சித் தொடரின் சத்தத்தில் அது காதில் விழுவதில்லை, அவ்வளவே. விளக்கேற்றும் அந்த வேளையில் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் ஒரே மாடத்தில், அல்லது அலமாரித் தட்டில் போய் இருக்கட்டும். மணி ஒலியை மட்டும் அணைக்கவேண்டாம். அவசர அழைப்பு வந்தால் எழுந்து சென்று எடுக்கலாம். தனியாக இருப்பவர்களும் இதய நோயுள்ளவர்களும் அதைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்துக்கொள்வதுதான் நல்லது. இரவு முழுவதும் அணைத்துவைக்கும் விரதமெல்லாம் அவர்களுக்கு ஏற்றதன்று.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனத்தாங்கலும் வராது. சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. அங்கே இரவு எட்டரை ஆகும்போது இங்கே ஆறுமணிதான், விளக்கேற்றும் முன்பே பேசி முடித்துவிடலாம். துபாய் ஒன்றரை மணி பிந்தியது. இங்கே மணி எட்டரை ஆகும்போது, அங்குள்ள மகன் ஏழுமணிக்கு வேலை முடிந்து அறைக்குத் திரும்பியிருப்பான்.