ஆண்மை எதில் இருக்கிறது?

'ஆண்மை' என்ற பதம் நம் நாட்டில் படுகிற பாடு கொஞ்சமல்ல. ஒருவன் தைரியமாய்ப் பேசினால் அது ஆண்மை. அதையே ஒரு பெண் பேசினால் வாயாடித்தனம். பயந்து ஓடுகிற ஆண்பிள்ளையை வைவதற்கும் 'பொட்டை' என்று பெண்ணின் பேரைத்தான் தேடுகிறார்கள். ஆகவே நல்ல குணமெல்லாம் ஆணுக்குச் சொத்து, கெட்டதெல்லாம் பெண்ணுக்குச் சீதனம் என்று பாகப்பிரிவினை செய்தாகிவிட்டது.

இதற்குப் பாஷையில் ஆதாரம் உண்டா? 'ஆண்' என்பதோடு 'மை' சேர்ந்தாலும் ஆண்மை. 'ஆள்' என்பதோடு சேர்ந்தாலும் ஆண்மைதான். வேளாண்மை, தாளாண்மை, இறையாண்மை என்னும் சொற்களில் உள்ள ஆண்மைக்கு மீசை கிடையாது. நாற்று நடுகிறவர்களும் களை பறிக்கிறவர்களும் பெரும்பாலும் பெண்களே. அவர்கள் செய்வது வேளாண்மை அல்லவென்று எந்தப் பண்டிதராவது சொல்லுவாரா? திருக்குறள் 148-வது பாட்டில் பேராண்மை எனப்படுவதும் தோள்வலியையல்ல. பிறன் மனைவியை நோக்காத ஒழுக்கத்தையே.

வெறும் வார்த்தைக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்த வார்த்தை செய்கிற வேலையைப் பாருங்கள். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள மணமான பெண்களில் 100-க்குச் சுமார் 38 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். புருஷன் செய்துகொண்டதோ 1000-க்கு 3 தான். ஆணுக்குச் செய்வது வயிற்றைக் கீறாமல், மரத்துப்போகும் ஊசி போட்டு, சில நிமிஷங்களில் முடிகிற காரியம். விந்துக்குழாய் அடைபடுகிறதே தவிர, உடல் வலிமைக்கோ இன்ப உணர்ச்சிக்கோ குறைவில்லை. பெண்ணுக்கோ வயிற்றில் கத்தி வைத்தாக வேண்டும். அப்படியிருந்தும் ஆண்கள் ஓடுவதற்குப் பெரிய காரணம், "ஆண்மை போய்விடும்" என்ற பயமேயாகும்.

பிள்ளையில்லாத வீட்டிலும் இதே கதைதான். ஏறக்குறையப் பாதித் தம்பதிகளிடத்தில் ஆணின் குறையும் காரணமாயிருப்பதாக வைத்தியம் சொல்லுகிறது. ஆனால் 'மலடி' தெருவெல்லாம் திரிய, 'மலடன்' அகராதியில் தூங்குகிறான்.

ஊசிக்குப் பயந்து மனைவியைக் கத்திக்கு முன்னே தள்ளுவதற்குப் பேர் ஆண்மையானால், கோழைத்தனம் என்ற பதத்திற்கு வேறு என்ன அர்த்தம் என்று கேட்கிறோம். தோழர்களே! குழந்தை போதும் என்று முடிவு செய்தால் முதலில் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தை இல்லையென்றால் முதல் பரிசோதனை உங்களுக்கே நடக்கட்டும். அதற்குத் துணியாதவர்கள் ஆண்மை என்ற சொல்லை வாயால் உச்சரிக்கவும் யோக்கியதை இல்லாதவர்கள் என்பதே நமது அபிப்பிராயம்.