செற்றையும் சிறுதீயும்

செஞ்சியில் துணி உலர்த்தும் இயந்திரம் வைத்திருக்கிறோம் என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பில் நியாயம் உண்டு. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திராயன்துர்க்கமும் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் அனலாகத் திருப்பித் தரும் ஊர் இது. சித்திரையில் மொட்டைமாடிக் கொடியில் போட்ட வேட்டி, நாம் கீழிறங்கி ஒரு குவளை மோர் அருந்திவிட்டு ஏறுவதற்குள் மொறமொறத்துவிடும். இங்கே டிரையர் எதற்கு?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகர மனமின்றி நின்றுவிட்டது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. எங்கள் வீட்டில் அம்மா படுக்கையோடு படுக்கையாக இருக்கிறார். நாளொன்றுக்கு மூன்று விரிப்புகளாவது மாற்ற வேண்டும். ஈர விரிப்பு என்றால் அடுத்த வாரமே முதுகில் புண். மின்சாரம் இல்லை, மின்விசிறி இல்லை, கூடம் முழுக்கக் கயிறு கட்டியும் ஒன்றும் காயவில்லை. பழைய சேலைகளைக் கிழித்து விரித்து அந்த வாரத்தைக் கடத்தினோம். மழை விட்டதும் முதல் வேலையாக இயந்திரத்தை வாங்கிவிட்டோம். ஆகவே, சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

நாங்கள் சொல்ல வந்தது வாங்கிய கதையை அன்று. வாங்கியபின் செய்யாமல் விட்டதைப் பற்றி.

முதலில் முக்கால் மணியில் உலர்ந்த விரிப்பு, சில மாதங்களில் ஒன்றரை மணி கேட்டது. பிறகு இரண்டு மணி. இயந்திரம் மட்டமானது என்று முடிவு செய்து, வாங்கச் சொன்ன மைத்துனரைத் திட்டினோம். 2025 ஐப்பசியில் அம்மாவைப் பார்க்கச் சித்தப்பா வந்தார். புதுச்சேரிப் பஞ்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்று, "ஏம்பா, பஞ்சு கருகுற வாசனை வருதே?" என்றார். எங்கள் மூக்குக்கு அது சூடான துணியின் வாசனையாகத்தான் இருந்தது. அவர் யாரையும் கேட்கவில்லை. நேரே போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

ஆறியபின் இழுத்துப் பார்த்தோம். வடிகட்டி வலையை நினைவு வந்தபோதெல்லாம் துடைத்துத்தான் வந்தோம். அதை முழுப் பராமரிப்பு என்று எண்ணியதுதான் பிழை. வலை செருகும் பள்ளத்துக்குள் சாம்பல்நிறப் பஞ்சு அடைந்து கிடந்தது. பின்புறக் காற்றுக் குழாய், சுவரோடு நசுங்கி, ஒரு சிறு தலையணைக்குப் போதுமான துகளை விழுங்கியிருந்தது. மறுநாள் வந்த மெக்கானிக் பின்தகட்டைக் கழற்றியபோது, சூடேற்றும் கம்பிச்சுருளின் ஓரத்தில் ஒட்டியிருந்த பஞ்சு பழுப்பேறியிருந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் அம்மாவின் கட்டில். எழுந்து நடக்க முடியாதவர்.

இதன் இயக்கம் எளிது. விசிறி காற்றை இழுக்கிறது. கம்பிச்சுருள் அதைச் சூடாக்குகிறது. சுழலும் உருளைக்குள் அது ஈரத்தை வாங்கிக்கொண்டு, வலை வழியாகக் குழாயில் வெளியேறுகிறது. ஈரத்தோடு துணியின் இழைப்பிசிரும் உதிர்கிறது. பருத்தி விரிப்பும் துண்டும் நிறையவே உதிர்க்கும். வலையில் பெரும்பகுதி சிக்கும். எஞ்சியது உள்ளே படியும். படியப் படியக் காற்று குறையும், காற்று குறையச் சூடு வெளியேறாது, துணியும் காயாது. துணி காய நேரம் கூடுகிறது என்பதே இயந்திரம் தரும் எச்சரிக்கை. நாங்கள் அதை மட்டரகம் என்று வாசித்தோம். வெப்பம் மிகுந்தால் மின்னை அறுக்கும் காப்புகள் உள்ளே உண்டுதான். ஆனால் சுருளின்மேலேயே பஞ்சு கிடந்தால் அவற்றை மட்டும் நம்பியிருக்க இயலாது.

இது எங்கள் கற்பனை அச்சமன்று. அமெரிக்கத் தீயணைப்பு நிருவாகம் 2008 முதல் 2010 வரையிலான கணக்கை வெளியிட்டது: ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டு டிரையர் தீவிபத்துகள், 5 மரணங்கள், 100 காயங்கள். முதன்மைக் காரணம், சுத்தம் செய்யாமை. பிரிட்டனில் கதை வேறு. அங்கே 2015இல் வேர்ல்பூல் நிறுவனமே, தான் விற்ற பல இலட்சம் டிரையர்களில் பஞ்சு கம்பிச்சுருளைத் தொடும் குறை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2016 ஆகஸ்டில் லண்டனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் அப்படியொரு டிரையரால் பற்றியது. திரும்பப் பெறும் அறிவிப்பு வர 2019 ஆயிற்று. எல்லாவற்றையும் வீட்டாரின் சோம்பல் என்று தள்ளிவிட வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

எங்கள் வழக்கில் சோம்பல்தான். உரையாசிரியர்களின் ஒரு சொல்லுக்கு மூன்று நாள் செலவிடும் நாங்கள், கையேட்டின் பராமரிப்புப் பக்கத்தைப் புரட்டவேயில்லை. அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது என்பது பாதிச் சமாதானம். வீட்டில் அந்த இயந்திரத்தை அன்றாடம் இயக்குபவர், அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. அவர் படித்தது தமிழ் மட்டுமே. நெருப்போடு தொடர்புடைய பொருளை இந்த மாநிலத்தில் விற்பவர், அதைத் துடைக்கும் முறையைத் தமிழில் அச்சிட்டுத் தரவேண்டும் என்பது சட்டமாகவே இருக்கலாம் என்பது எங்கள் கட்சி.

தமிழில் எழுதினால் அந்தப் பஞ்சுக்கு என்ன பெயர் வைப்பது என்று ஒரு நண்பர் கேட்டார். பெயருக்கா பஞ்சம்? சங்கப் பாடல்களில் துய் என்ற அழகான சொல் மென்பஞ்சு போன்றவற்றுக்கு வழங்குகிறது. செற்றை என்றும் ஒரு சொல் உண்டு. தங்கால் பொற்கொல்லனார் பாடிய புறநானூற்று 326ஆம் பாட்டில், இரவில் எழுந்து பஞ்சின் குப்பையைப் புடைக்கும் பருத்திப் பெண்டு வருகிறாள். அருகில் ஒரு சிறு விளக்கு. வகுப்பில் இத்தனை ஆண்டுகளாக அதை வறுமைச் சித்திரமாகவே நடத்திவந்தோம். பஞ்சுத் துகளையும் திறந்த தீயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தவளின் கவனம் இப்போதுதான் கண்ணில் படுகிறது.

இப்போது ஒவ்வொரு முறை இயக்கியதும் வலையைத் துடைக்கிறோம். துணி மென்மையாக்கும் திரவம் வலையில் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். வலையில் தண்ணீர் ஊற்றினால் வழியாமல் தேங்கி நிற்பது அதற்கு அடையாளம். அப்போது சோப்பு நீரில் பிரஷால் தேய்த்து, நன்கு உலர்த்திய பின்பே செருகவேண்டும். குழாயை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றுகிறோம். வளைந்து நசுங்கும் பழைய குழாய்க்குப் பதில் நேரான உலோகக் குழாய், சுவரில் துளையிட்டு, வெளியே. ஆண்டுக்கொருமுறை மெக்கானிக் பின்தகட்டைக் கழற்றுவார். தூங்கும்போதும் வெளியே போகும்போதும் ஓட்டுவதில்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த துண்டு உள்ளே போகவே கூடாது. துவைத்தும் போகாத நல்லெண்ணெய், சூட்டோடு மடிந்து கிடந்தால் தானாகவே வெப்பமேறிப் பற்றக்கூடியது. இந்த வேலைகளை யார் செய்வது என்பதில் வீட்டில் சிறு சச்சரவு எழுந்தது. வலை அக்காவுக்கு, குழாய் எங்களுக்கு என்று பிரித்துக்கொண்டோம். குழாய்தான் கடினமானது என்று நாங்கள் சொல்ல, தினமும் செய்வதுதான் கடினம் என்று அவர் சொன்னார். அவர் சொன்னதே சரி.

எங்களைப் பார்த்து எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் வாங்கியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் குழாயைப் பரணுக்குள் திருப்பிவிட்டிருக்கிறார்கள். பரணில் பழைய மெத்தைகள். பொருத்தியவர் சொல்லவில்லையாம். நாங்கள் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. கொத்தனார் வரவேண்டும் என்கிறார்கள். மழைக்காலத்தில் கொத்தனார் கிடைப்பதில்லை. இயந்திரமோ தினமும் ஓடுகிறது. நாளை மாலை டிரில்லரோடு நாங்களே போவதாக இருக்கிறோம்.