உட்லண்ட்ஸ் இருந்த இடம்

ஜவுளிக் கடைகளுக்குப் பேர்போன எங்கள் பர்கூரிலிருந்து வியாபார நிமித்தமாகச் சென்னைப் பட்டணம் சென்று திரும்பிய பெரியவர்கள், கதீட்ரல் சாலையில் மரநிழலில் காரை நிறுத்தி, அமர்ந்த இடத்திலேயே தோசையும் காபியும் வரவழைத்து உண்ட உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டலை வாஞ்சையோடு வர்ணிப்பார்கள். உடுப்பிப் பிரதேசத்திலிருந்து வந்து, சமையற்கூடத்தில் உழைத்து உயர்ந்த கே. கிருஷ்ணராவ் 1962-இல் தொடங்கிய அந்த ஸ்தாபனம், நிலத்தை அரசு திரும்பப் பெற்றதனால் 2008-இல் மூடப்பட்டு, 2010-இல் அங்கே செம்மொழிப் பூங்கா எழுந்தது. பூங்கா அவசியமே, மரங்கள் பிழைத்ததில் எனக்கும் சந்தோஷமே. ஆயினும், ஒரு காபியை முன்வைத்து மாணவரும் எழுத்தாளரும் மணிக்கணக்கில் சம்பாஷித்த சுதந்திரத்தை, நுழைவுச்சீட்டு வாங்கி உலவும் பூங்கா ஈடுசெய்யாது. நெடுஞ்சாலையும் சிப்காட்டும் உருமாற்றிவரும் எங்கள் பகுதியிலேனும், பழைய ஹோட்டல்களை அப்புறப்படுத்துமுன் அவற்றுக்கு நியாயமான வாடகையில் மாற்றிடம் அளிக்க நிர்வாகத்தார் முன்வர வேண்டும்.