கையைக் கட்டினால் காது திறக்குமா?

"கையைக் கட்டு, வாயைப் பொத்து." நம்மில் பலருக்கு அ, ஆ வருவதற்கு முன்பே வந்த பாடம் இது. கை சும்மா இருந்தால்தான் பாடம் ஏறும் என்று யார் கண்டுபிடித்தார்களோ! மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தேய்மானக் கணக்கு கிளாசில் உட்கார்ந்து பாருங்கள். பாதிப் பேர் பேனாவைச் சுழற்றுவார்கள், மீதிப் பேர் நோட்டு ஓரத்தில் பூப் போடுவார்கள். தூங்காமல் இருப்பதே அதனால்தான் :-)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உருட்ட, அழுத்த, சுற்ற என்றே விற்கிற ஃபிட்ஜெட் பொம்மைகளை வகுப்பில் விடலாமா? விடலாம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல என்பது என் கட்சி.

2017-ல் ஃபிட்ஜெட் ஸ்பின்னர் உலகம் முழுக்கச் சுற்றியது ஞாபகம் இருக்கும். கவனம் கூடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல பள்ளிகள் அந்த வருடமே தடை போட்டுவிட்டன. ஜூலியா சோரெஸ், பெஞ்சமின் ஸ்டார்ம் இருவரும் செய்து 2020-ல் வெளியான ஆய்வும் தடை போட்டவர்கள் பக்கம்தான் பேசுகிறது. ஸ்பின்னரைச் சுற்றிக்கொண்டே வீடியோ பாடம் பார்த்த கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் குறைவாகத்தான் நினைவில் நின்றது. ஸ்பின்னர் நல்லது என்று நம்பியவர்களுக்கும் அதே கதிதான்!

வரவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா? பிரிட்டனில் ஜாக்கி ஆண்ட்ரேட் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், 40 பேருக்கு அறுவையான ஒரு டெலிபோன் பேச்சைப் போட்டுக் காட்டினார். கேட்டுக்கொண்டே பேப்பரில் கட்டங்களைத் தீட்டியவர்கள், சும்மா கேட்டவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக நினைவு வைத்திருந்தார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான். ஸ்பின்னர் கண்ணை இழுக்கிறது, வீடியோ பாடத்துக்கோ கண் வேண்டும். டெலிபோன் பேச்சுக்குக் காது போதும், தீட்டுகிற கை அதைத் தொந்தரவு செய்யவில்லை. ஆக, பாடத்துக்கு எது தேவையோ அதைப் பொம்மை பிடுங்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவனுக்கும் தொல்லை கூடாது. பெஞ்சுக்குக் கீழே சத்தமில்லாமல் அழுத்துகிற ரப்பர் பந்து சரி. ஸ்பின்னரும், டிக் டிக் என்று அடிக்கிற பேனாவும் வேண்டாம்.

இது வெறும் விளையாட்டு விஷயம் இல்லை. ஏடிஹெச்டி உள்ள சிறுவர்களிடம் 2015-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உடம்பு அதிகம் அசைந்தபோது அவர்கள் மனக்கணக்கு மாதிரியான நினைவு வேலையை நன்றாகச் செய்தார்கள். அப்படிப்பட்ட பையனை "ஆடாம உட்காருடா" என்று அதட்டினால், அவன் முழு மூளையும் ஆடாமல் இருப்பதற்கே செலவாகிவிடும். பாடத்துக்கு மிச்சம் எது? அவனுக்கு மட்டும் சலுகை என்று கொடுத்தாலும் வகுப்பே அவனைத் திரும்பிப் பார்க்கும். அதனால் விதியை எல்லோருக்கும் பொதுவாக வைப்பதே நல்லது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கை என்ன செய்கிறது என்று பார்ப்பதை விட்டு, நடத்தியதில் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வந்தால் பந்து அவனிடமே இருக்கட்டும். வராவிட்டால் தாராளமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்!

நீங்கள் என்ன சொல்கிறீர்கள் மக்களே?