தப்பும் கிற்றாரும்

தமிழிசை பற்றிய ஆராய்ச்சிகள் நிகழும் பல்கலைக்கழக அரங்குகளிலே, 'றொக்' என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தே முகஞ்சுளிக்கும் மரபொன்று உண்டு. தப்பு என்ற சொல்லுக்கு முகஞ்சுளிக்கும் மரபு அதனினும் பழையது. இவ்விரண்டையும் ஒரே மேடையில் ஏற்றிய 'குற்றத்தை' 2018 சனவரி 6ஆம் நாள் சென்னையில் ஓர் இசைக்குழு புரிந்தது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவே அது. வடசென்னையின் மரண வீடுகளில் வளர்ந்த கானாவும் பறையும் அங்கே றொக் கிற்றாரோடு கைகோத்தன. 'மகிழ்ச்சி' என்னும் அவர்களின் முதல் இசைத்தொகுப்பு, சினிமாவின் தயவை வேண்டாது வெளிவந்தது. இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடுபொருளாக்க அவர்கள் கூசவில்லை.

லுணுகலையிலிருந்து நோக்குவோர்க்கு இஃது அயலூர்ச் செய்தியன்று. குழுவின் பெயரே இலங்கையோடு தொடர்புடையது. 'சாதிபேதமற்ற தமிழர்' என்ற கருத்தை முன்வைத்த அயோத்திதாச பண்டிதரின் சிந்தனையிலிருந்து அப்பெயர் பிறந்தது; அப்பண்டிதர் 1898இல் கொழும்புக்கு வந்தே பௌத்தம் தழுவினார். குழுவின் பாடகர்களுள் ஒருவரான அறிவின் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கிய கணக்கை வரலாற்று மாணவர் அனைவரும் மனப்பாடமாக ஒப்புவிப்பர். தோட்டத்தை விட்டுச் சென்ற அத்தகைய ஒருத்தியின் பேரன் பாடும்பொழுது மட்டும், 'அது சென்னைக் கூச்சல்' என்று ஒதுக்கிவிடுவது எவ்வகை நியாயம்?

பதுளையிலிருந்து பசறை கடந்து லுணுகலை செல்லும் வீதியின் இருமருங்கிலும் உள்ள தோட்டங்களில் தப்பு வெறும் வாத்தியமாக இருந்ததில்லை. விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்தது அதுவே. அவ்வொலியையும் தேயிலைமேல் விடியும் பொழுதையும் இணைத்தே சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் வெளிவந்த தமது ஆங்கிலக் கவிதை நூலைத் தொடங்கினார். காமன் கூத்துக்கும் சாவுக்கும் திருவிழாவுக்கும் தப்பு வேண்டும். ஆயின் தீயில் வாட்டித் தோலை முறுக்கேற்றி அடிப்பவனோ கோயில் வாசலுக்கு வெளியே நிற்றல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். மலையகத்திலே சாதி இல்லை, அங்குள்ளது வர்க்கம் மட்டுமே என்பது அது. கேட்பதற்கு முற்போக்காகவே ஒலிக்கும் இக்கூற்று வரலாற்றுக்குப் பொருந்தாது. கங்காணி தன் ஊரிலிருந்து ஆள் திரட்டியபோது அவ்வூரின் சாதியையும் சேர்த்தே கப்பலேற்றினான். பெரிய கங்காணிகள் பெரும்பாலும் உயர்த்தப்பட்ட சாதியினர்; கொழுந்து பறித்தோருள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்டோர். லயங்களே சாதிவாரியாகப் பிரிக்கப்பட்ட தோட்டங்களும் இருந்தன. துரை கண்ட வர்க்கமும் கங்காணி காத்த சாதியும் ஒரே கூலிப் புத்தகத்தின் இரு பக்கங்கள். வேலைநிறுத்த மேடையில் தோழராக நின்றவர், பிள்ளைக்குப் பெண் தேடும்பொழுது எந்த லயத்தைத் தவிர்க்கிறார் என்று விசாரித்தால் போதும். வேறு ஆய்வு தேவையில்லை.

ஆண் குரல்களே ஆண்ட கானாவைக் கைக்கொண்டு அக்குழுவில் எழுந்த குரல் இசைவாணியுடையது. 2020இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. பாராட்டு அவ்வளவோடு நிற்க, வசையோ தொடர்ந்தது. பெண்கள் கோயிலுள் நுழையும் உரிமையைக் கேட்டு அவர் பாடிய பாடல், சில ஆண்டுகள் கழிந்து 2024 நவம்பரில் கிளறப்பட்டது. முறைப்பாடுகள் குவிந்தன, கைதுசெய்யுமாறு கோரிக்கை எழுந்தது, மிரட்டலும் ஆபாச ஏச்சும் அவரைத் துரத்தின. கோயிற் கதவைப் பற்றிக் கேட்ட கேள்விக்குப் பதில் கூறியவர் சிலர். கேட்டவளின் ஒழுக்கத்தை விசாரித்தவரே பலர். தோட்டத்துத் தலைவியொருத்தி தொழிற்சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினால் கிடைக்கும் மறுமொழியும் இதுவே என்பதை ஊவாவில் எவரும் அறிவர்.

அறிவுக்கு நேர்ந்தது வேறுவகை. பாட்டியின் நினைவிலிருந்து அவர் எழுதிப் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021இல் உலகெங்கும் பரவியது. அவ்வாண்டு ஆகத்தில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையிலோ அப்பாடலின் மற்றைக் குரலுக்குரிய தீ இருந்தார், அறிவு இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவருக்கெனத் தனி அட்டை வந்தது. பாட்டு வேண்டும், பாடியவன் வேண்டா என்ற இம்மனப்பான்மை மும்பைப் பத்திரிகைக்கு மட்டும் உரியதன்று.

தூய்மைவாதிகளின் வாதத்துக்கு வருவோர் வயலினைச் சற்று நினைத்தல் நன்று. அது ஐரோப்பியக் கருவி. பாலுசுவாமி தீட்சிதர் கையில் எடுத்த பின் கருநாடக இசையின் பிரிக்கவொண்ணா உறுப்பாயிற்று. வயலினுக்கு எளிதிற் கிடைத்த குடியுரிமை கிற்றாருக்கு மறுக்கப்படுவது ஏன்? (குடியுரிமை மறுப்பின் சுவையை 1948இன் பின் மலையகத்தார்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.) றொக் இசையின் வேரோ அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாய் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டிலே கிடக்கிறது. ஒரு தோட்டத்தின் இசை மற்றொரு தோட்டத்தின் தப்போடு சேர்வதைக் கலப்படம் என்பவர், எத்தோட்டத்தையும் அறியாதவர்.

கிராமியக் கலையைப் போற்றுவதாகக் கூறும் தமிழ் விழாக்கள் இன்றும் தப்போடுதான் தொடங்குகின்றன. வாயிலிலிருந்து மண்டபம் வரை பிரதம விருந்தினரை அழைத்து வந்தபின் தப்பு நின்றுவிடும். அடித்தவர்கள் பின்கதவால் தேநீருக்கு அனுப்பப்படுவர். அழைப்பிதழில் நாதஸ்வர வித்துவானின் பெயர் ஊரோடும் பட்டத்தோடும் அச்சாகியிருக்கும். இவர்களுக்கு 'தப்புக் குழுவினர்' என்ற இரண்டு சொற்கள்.